கஸ்தூரியின் முதுகு

அந்தப் பையை மிதிச்சிராதீங்க தம்பி. உள்ள கடிவாளம் இருக்கு. மூக்கைச் சுளிக்கிறீங்கள்ல, அந்த வாடை என் மேல அடிக்கல, அதுல இருந்துதான் வருது. குதிரை வாடை. கொடைக்கானல் ஏரிக்கரையில முப்பது வருசமா குதிரை பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்கு வாடையே தெரியாது. வேணும்னா சன்னலைத் தொறந்துக்கங்க. எனக்கொண்ணும் குளிராது.

பண்ணைக்காட்டைத் தாண்டிப் போறீங்களா? சரி. நான் பண்ணைக்காட்டுல எறங்கிருவேன். அங்க எந் தங்கச்சி ஸ்டெல்லா வீட்டுல எங் குதிரை நிக்கிது. கஸ்தூரின்னு பேரு. பொட்டைக் குதிரை. மூணு மாசமா நிக்கிது, இன்னைக்கிக் கூட்டியாரப் போறேன். பிக்கப் வண்டி சாயங்காலம் வருது. திங்கக்கெழமை ஆபீசருங்க வந்து ஏரிக்கரைக் குதிரைய எல்லாம் நிறுத்தி வச்சுப் பாப்பாங்க. காலு, வாயி, முதுகு எல்லாம் பாத்து நல்லா இருந்தாத்தான் சீசனுக்கு நம்பர் குடுப்பாங்க. கஸ்தூரி ரெண்டு தடவை தேறல. இந்த வாட்டியும் தேறலன்னா பேரையே அடிச்சிருவோம்னு சொல்லிப்புட்டாங்க. எங்கிட்ட இருக்கிறது அந்த ஒரே குதிரை. பேரை அடிச்சா விக்கணும். யாரு வாங்குவா? பெர்னாடு வாங்குவான். அதுக்குத்தான் அவன் அம்புட்டும் பண்ணுனது.

பெர்னாடுன்னா ஸ்டெல்லா புருசன். நாந்தான் பாத்துக் கட்டிக் குடுத்தேன். அவனும் ஏரிக்கரையில குதிரைதான் வச்சிருக்கான், ரெண்டு. பண்ணைக்காட்டுல இருந்து தெனமும் பஸ்ஸுல வந்து போவான். குதிரைக்குச் சுழி பாக்கத் தெரிஞ்ச எனக்கு மனுசனுக்குச் சுழி பாக்கத் தெரியாமப் போச்சு. பேச்சு அப்பிடியே தேன் மாதிரி இருக்கும். "மச்சான், மச்சான்"னுதான் கூப்பிடுவான். ஒரு நாளு கோபமாப் பேச மாட்டான். கோபப்படாதவனை நம்பாதீங்க தம்பி. அவன் எல்லாத்தையும் உள்ள வச்சிருக்கான்னு அர்த்தம்.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். போன சீசன்ல கஸ்தூரிக்கு முதுகுல சேணப்புண்ணு வந்துச்சு. சேணம் நல்ல சேணந்தான். பத்து வருசத்துச் சாமான். உள்ள பஞ்சு கொஞ்சம் எறங்கிப் போச்சு, அதுக்குச் சாக்கை மடிச்சுக் குடுத்திருந்தேன். அதனாலயெல்லாம் புண்ணு வராது. வர்ற ஆளுகதான் காரணம். ஏறுறவன் எப்பிடி ஏறுறான் தெரியுமா? அரிசி மூட்டையத் தூக்கிப் போட்ட மாதிரி தொம்முன்னு விழுவான். விழுந்துட்டு செல்பி எடுப்பான். எடுத்துட்டு, "ஏங்க, இது ஓடாதா?"ம்பான். நீங்களும் அப்பிடித்தான் ஏறியிருப்பீங்க, இல்லேங்காதீங்க.

குதிரைக்காரனுக்குப் புண்ணுன்னு ஒண்ணைக் காட்டிரக் கூடாது. ஆளுக்கு ஒரு டப்பாவோட வந்துருவான். எங்க ஸ்டாண்டுல பதினெட்டுக் குதிரை நிக்கும். மருந்து இருபது இருக்கும். ஒருத்தன் சொல்றான், மயில்துத்தத்தை வறுத்துப் பொடிச்சு வெண்ணெயில கொழைச்சுப் போடு, எங் குதிரைக்குக் காலுப்புண்ணு அதுலதான் ஆறிச்சுங்கிறான். பக்கத்துல நிக்கிறவன், அட பாவி, எங் குதிரைக்கு அதப் போட்டுத்தான் சதையே கரைஞ்சுச்சுங்கிறான். ரெண்டு பேரும் சட்டையப் பிடிச்சுக்கிட்டாய்ங்க. மொகைதீன் பாய் ஊதா மருந்தைத் தவிர எதையும் நம்ப மாட்டாரு. அவரு குதிரைக பாதி ஊதாவாத்தான் அலையும். இன்னொருத்தன் லாரியில வடிச்ச பழைய ஆயிலுங்கிறான். அதப் பூசினா ஈ ஒக்காராதாம். ஈ ஒக்காராது, சரிதான். மனுசன் எப்பிடி ஒக்காருவான்? பேன்ட்டு என்னத்துக்கு ஆகும்?

என் மருந்து வேற. வேப்பெண்ணெய், கற்பூரம், விரலிமஞ்சள். இன்னொண்ணும் இருக்கு, அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே பெர்னாடு டப்பாவுல அடைச்சு விப்பான்.

அவன் டியூபு ஆளு. மெடிக்கல்ல வாங்குற வெள்ளைக் களிம்பு. அதையும் எப்பிடிப் போடுவான்? மொதல்ல புண்ணை உப்புத் தண்ணியில கழுவுவான். பெறகு அவன் கையச் சோப்புப் போட்டுக் கழுவுவான். பெறகு நகக்கண்ணு அளவுக்கு எடுத்து, கைப்பிள்ளைக்குப் பூசுற மாதிரித் தடவுவான். தடவிட்டு அந்தக் குதிரைக்குப் பத்து நாளு சேணமே போட மாட்டான். பத்து நாளு சும்மா நின்னா எந்தப் புண்ணுதான் ஆறாது? இது மருந்தா? சோம்பேறித்தனம்.

என்னமோ, கஸ்தூரிக்கு என் மருந்துலயே ஆறிப்போச்சு. ரெண்டு மாசம் ஆச்சு, ஆனா ஆறிச்சு. ஆனா தம்பி, முடி வெள்ளையா மொளைச்சிருச்சு. கஸ்தூரி காக்காக் கருப்பு. அந்தக் கருப்புக்காகவே அதுல ஏறணும்னு சனங்க நிப்பாங்க. அதுல சேணம் ஒக்கார்ற எடத்துல, ரெண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. எங்க தொழில்ல அதுக்கு ஒரே அர்த்தந்தான். இங்க சேணம் கடிச்சிருக்கு, குதிரைக்காரன் கண்டுக்காம ஓட்டியிருக்கான். நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி. எங்க ஆளுக பூராப் பேரும் நிக்கிறப்ப பெர்னாடு சொல்றான், "மச்சான், அந்த வெள்ளை போகாது. சேணத்தை மாத்து, இன்னொண்ணு வராம இருக்கும்." எல்லாரும் சிரிச்சாய்ங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கி எனக்குச் சோறு எறங்கல.

எனக்கு யாரு இருக்கா சொல்லுங்க. சம்சாரம் போயி ஆறு வருசமாச்சு. வீட்டுக்குப் போனா பேச்சுக்கு ஆளில்ல. காலையில லாயத்துக்குப் போனா கஸ்தூரி மூக்கைக் கொண்டாந்து என் சட்டைப் பையில விடும். வெல்லம் வச்சிருப்பேன்னு அதுக்குத் தெரியும். எனக்கு அதும்மேல உசுரு தம்பி. அந்தக் குதிரைய ஒருத்தன் பாத்துச் சிரிக்கிறான்னா என்னால தாங்க முடியல.

அதனால ஒண்ணு செஞ்சேன். உங்ககிட்டச் சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. நான் பண்ணைக்காட்டுல எறங்கிட்டா முடிஞ்சுச்சு. ஆபீசருங்க வர்றதுக்கு மொத நாளு மீசைக்கு டை கலந்தேன். கிண்ணத்துல மிச்சம் இருந்துச்சு. அப்பிடியே லாயத்துக்கு எடுத்துட்டுப் போயி, அந்த வெள்ளையில பிரஷ்ஷால ரெண்டு இழுப்பு. அம்புட்டுத்தான். வெள்ளை எங்க போச்சுன்னே தெரியல. பழைய கஸ்தூரி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அதே நாளு காலையிலதான் பெர்னாடு வந்து, கஸ்தூரி கழுத்துல கயிறு உரசின ஒரு கீறலைப் பாத்துட்டு, எங்கிட்டக் கேக்காமக் கொள்ளாம அவன் டியூபை எடுத்துத் தடவினான். கவனிச்சுக்கங்க. காலையில அவன் களிம்பு. மறுநாளு பாக்குறேன், கஸ்தூரி முதுகுல தோலு தடிச்சுக் கெடக்கு. கொப்புளம் கொப்புளமா வெடிச்சு நீரு வடியுது. கை வச்சா நடுங்குது. ஆபீசரு ஒரே பார்வைதான் பாத்தாரு, "ஓரமா நிறுத்து"ன்னுட்டாரு. நூறு பேருக்கு முன்னாடி.

என்ன கேக்குறீங்க? தடவினது கழுத்துலயான்னா? ஆமா, கழுத்துலதான். வந்தது முதுகுல. கால்நடை டாக்டரம்மாவும் இதையேதான் கேட்டுச்சு. "கழுத்துல போட்டது முதுகுல எப்பிடிங்க வரும்? கழுத்து நல்லா ஆறியிருக்கே." ரத்தம் ஓடுதுல்லம்மா, அது ஒரு எடத்துலயா நிக்கிதுன்னு கேட்டேன். கழுத்தை ஆறவிட்டு முதுகுல அடிச்சான் பாருங்க, அங்கதான் இருக்கு அவன் சூது. கழுத்துலயே வந்திருந்தா மாட்டிக்கிட்டிருப்பான்ல?

அந்தம்மா திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. "வேற என்ன மருந்து போட்டீங்க?" ஒண்ணும் போடலேன்னேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." ஒரு மருந்தும் போடலேம்மா, மாதா சத்தியமான்னேன். நான் பொய் சொல்லல தம்பி. டை மருந்தா? இல்ல. அலங்காரம். கல்யாணத்துக்குப் போற குதிரைக்குக் குஞ்சம் கட்டுறோம், அதப் போயி மருந்துன்னு சொல்லுவாங்களா? மருந்தைக் கேட்டுச்சு, மருந்துக்குப் பதில் சொன்னேன். கடைசியில அந்தம்மாவும் என்னத்தை எழுதிச்சுங்கிறீங்க? எதையும் பூசாதீங்க, உப்புத் தண்ணியில கழுவுங்க, சேணம் போடாதீங்க. இதுக்கு அஞ்சு வருசப் படிப்பு. பெர்னாடுதான் முன்னாடியே போயிச் சொல்லி வச்சிருக்கான்.

என் மீசைய என்ன பாக்குறீங்க? ஒதடு வீங்கியிருக்கா? அது பனிக்கு. வருசா வருசம் இப்பிடித்தான், அரிக்கும், தோலு உரியும். பெரியாஸ்பத்திரியில காட்டினேன். "டையை நிறுத்துய்யா பெரியவரே"ங்கிறாரு டாக்டரு. அவருக்குத் தலை பூரா நரை. அவரு நிறுத்திட்டாரு, ஊரே நிறுத்தணும்னு நெனைக்கிறாரு.

சரி, அதை விடுங்க. டிசம்பருக்குள்ள மறுபடியும் ஆறிச்சு. மறுபடியும் வெள்ளை, முன்னைக்கு இன்னும் அகலமா. கிறிஸ்மஸ் கூட்டத்துக்கு முன்னாடி மறுபடியும் ஆபீசருங்க வந்தாங்க. நான் இந்தத் தடவை உசாராயிட்டேன். பெர்னாடை லாயத்துப் பக்கமே விடல. வாசல்லயே கட்டிலைப் போட்டு ஒக்காந்துட்டேன். ஒரு ஈ காக்கா உள்ள போகல. நான் மட்டுந்தான் போனேன், அந்த ரெண்டு இழுப்பு இழுக்கிறதுக்கு. மறுநாளு பாத்தா, அதே கொப்புளம். அதே நீரு. அதுலயும் இந்த வாட்டி கூடுதல்.

எப்பிடி வந்துச்சு சொல்லுங்க? நான் ஒரே ஒரு தடவை டீ குடிக்கப் போனேன். பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்துல வந்திருக்கான். யாரு பாத்தா? யாரும் பாக்கல. பாக்குற மாதிரி வருவானா?

கஸ்தூரியப் பிடிச்சுக்கிட்டு நேரா ஸ்டாண்டுக்குப் போயிக் கட்டினேன். கிறிஸ்மசுக்கு எடுத்த புதுச் சட்டைய முன்கூட்டியே போட்டு நிக்கிறான், வெள்ளைச் சட்டை. அவன் பையில இருந்த டியூபைப் பிடுங்கி அந்தச் சட்டையிலயே பிதுக்கினேன். முழு டியூபையும். எங் குதிரை செத்தா ஒன்னையக் கட்டிச் சவாரி விடுவேன்டான்னு சொன்னேன். இன்னும் சொன்னேன், அதெல்லாம் பஸ்ஸுல சொல்ல முடியாது. அவன் தொடைச்சுக்கக்கூட இல்ல. "மச்சான், என்னை அடி. ஆனா அது முதுகுல நீ என்ன போட்டேன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சாத்தான் கஸ்தூரியக் காப்பாத்த முடியும்." கேட்டீங்களா? அத்தனை பேருக்கு முன்னாடி, டை போட்டேன்னு என் வாயால வரணும். அதுதான் அவனுக்கு வேணும். நாஞ் சொல்லுவேனா? தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. அவனுக்கு அவன் முதுகு தெரியல, எங் குதிரை முதுகைப் பாக்க வந்துட்டான். குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்ச கதை.

அப்பத்தான் அவன் கூட டவுனுக்கு வந்திருந்த ஸ்டெல்லா வந்துச்சு. கஸ்தூரி கயித்தை அவுத்துச்சு. அவுத்துட்டு என் கையப் பாத்துச்சு. "அண்ணே, வெரலெல்லாம் ஏன் கருப்பா இருக்கு?" மீசைக்குன்னேன். "மீசைக்கு ரெண்டு வெரல் போதுமேண்ணே"ங்குது. கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது? பெறகு என் பக்கத்துல வந்து மெதுவா, "மூணு மாசம் எங்கிட்ட இருக்கட்டும். நீ வராதே"ன்னுச்சு. எங் குதிரையப் பாக்க என்னைய வராதேங்குது! குதிரைக்காரங்க சங்கத்து ஆளுகளும் அதுக்கே தலையாட்டினாய்ங்க. பூராப் பேரும் அவன் பக்கம்.

ஆனாலும் போன மாசம் ஒரு நாளு போனேன். என்னால இருக்க முடியல. வெல்லம் வாங்கிட்டுப் போனேன். கஸ்தூரி கொய்யாமரத்தடியில வெயிலு காஞ்சுக்கிட்டு நின்னுச்சு. சதை பிடிச்சிருந்துச்சு. முதுகு நல்லா ஆறியிருந்துச்சு. என்ன மருந்துன்னு கேட்டேன். ஒண்ணுமில்லண்ணே, உப்புத் தண்ணிதான்னுச்சு ஸ்டெல்லா. நான் கிட்டப் போயி, எப்பவும் மாதிரி முதுகுல தட்டலாம்னு கையத் தூக்குறேன். காதைப் பின்னாடி மடக்கிருச்சு. அப்பிடியே திரும்பிப் பின்னங்காலைக் காட்டுது. எனக்கு! ஒதைக்கப் பாக்குது தம்பி. பன்னெண்டு வருசம் வளத்த எனக்கு. வெல்லத்தை மண்ணுல போட்டுட்டு வந்தேன்.

பெர்னாடு பழக்கி விட்டிருக்கான். வேற என்ன? அது வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும்? என் கையக் கண்டா பயப்படணும்னு யாரோ சொல்லிக் குடுக்காம அதுக்கு எப்பிடித் தெரியும்?

நீங்களே நியாயம் பேசுங்க. பெர்னாடு பண்ணினது சரியா?

சரி, இதையாச்சும் செய்யிங்க. இந்தப் பாக்கெட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன். நான் வழக்கமாப் போடுறது கெடைக்கல, கடைக்காரன் இதைக் குடுத்தான், இது இன்னும் கருப்பாப் பிடிக்குமாம். எம்புட்டு நேரம் ஊற வைக்கணும்னு மட்டும் பாருங்க. இன்னைக்கி ஏத்திட்டுப் போயி, நாளைக்கிக் காலையில போட்டாத்தான் திங்கக்கெழமைக்கு நல்லாக் காயும்.

என்னது? மொதல்ல முழங்கையில கொஞ்சமாத் தடவி ரெண்டு நாளு பாக்கணுமா? எதுக்காம்?

அரிப்பு வந்தா?

கொப்புளம் வந்தா போடக் கூடாதா? அப்பிடியா போட்டிருக்கு? நல்லாப் பாத்தீங்களா? இன்னொரு தடவை படிங்க. மெதுவா.

ம்.

ம்.

அது மனுசனுக்குப் போட்டிருக்கான் தம்பி. மனுசத் தோலு மெலிசு, அதனால எழுதியிருக்கான். குதிரைத் தோலுல செருப்புத் தைக்கலாம். அதுக்கு என்ன செய்யும்? அதுவுமில்லாம, இதுதான் காரணம்னா, அப்ப ரெண்டு தடவையும் நாந்தான்... நீங்க என்ன சொல்ல வர்றீங்க? மூஞ்சிய அப்பிடி வச்சுக்கிட்டு என்ன பாக்குறீங்க? ஸ்டெல்லாவும் இதே மாதிரித்தான் பாத்துச்சு.

ஸ்டாப்பு வந்துருச்சு. கண்டக்டரே, எறங்கணும்! அந்தா பாருங்க, சன்னல்ல பாருங்க, சர்ச்சு ஓரத்துல. ஸ்டெல்லா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. அதான் கஸ்தூரி. எப்பிடி மினுமினுங்குது பாருங்க, எங் கண்ணே பட்டுரும். முதுகைப் பாருங்க. ரெண்டு பக்கமும் முழுக்க வெள்ளை, றெக்கை மொளைச்ச மாதிரி. இப்பிடியே கொண்டு போயி நான் ஆபீசரு முன்னாடி நிறுத்துறதா? பெர்னாடு சிரிக்கிறதை நான் பாத்துக்கிட்டு நிக்கிறதா?

அந்தப் பாக்கெட்டைக் குடுங்க. குடுங்க தம்பி, நேரமாச்சு. என்ன கையப் பின்னாடி கொண்டு போறீங்க? இந்தாங்க, வெளையாடாதீங்க. கண்டக்டரு விசிலடிக்கிறாரு. விடுங்கன்னா விடுங்க. ஓஹோ. நீங்களும் அவன் ஆளுதானா? பஸ்ஸு வரைக்கும் ஆளை விட்டிருக்கானா?

வச்சுக்கங்க. நீங்களே வச்சு மீசைக்கு அடிச்சுக்கங்க. பண்ணைக்காட்டுல கடையா இல்ல?